கடைசியாய்க் கை வைத்தவர்

அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு. வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் சுருட்டிய ஒரு புத்தகம். அது நான் படம் எடுத்துக் கொடுத்த புத்தகம். மன்னார்த் தீவில் புனிதர் சிலைகள் நிற்கும் தெருவோரச் சுருவக்கூடுகள், கோயில் முகப்புகள், கூத்து உடுப்புகள் பற்றி ஒரு நிறுவனம் வழவழப்பான தாளில் அச்சிட்டிருந்தது. ஒரு பக்கத்தை விரித்து என் மேசையில் வைத்தார். எங்கள் கரையிலிருந்து ஒரு கட்டை தூரத்தில் சந்தியில் நிற்கும் அந்தோனியார். நீலக் கூடு, மஞ்சள் விளிம்பு, உட்சுவரில் வானமும் நட்சத்திரங்களும். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில், "ஓவியர்: அறியப்படவில்லை."

"தம்பி, இது ஆர் எழுதினது?"

"நான்தான் அண்ணை."

"நான் இஞ்ச மூண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறன். உங்கட கலியாணத்துக்கு வாசல் போர்ட் எழுதினது ஆர்? அந்தக் காசையும் நீங்கள் கையிலதான் தந்தனீங்கள். பிறகு என்னெண்டு நான் அறியப்படாதவனானன்?"

எனக்கு நா எழவில்லை. பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. புத்தகத்தை மேசையில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் விசாரிக்காமல் எழுதியதில்லை. கோயில் மூப்பரைக் கேட்டேன், சந்திக் கடைக்காரரைக் கேட்டேன், ஊரில் தொண்ணூறைத் தாண்டிய ஒரு ஆச்சியைக் கேட்டேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "அது முந்தியிருந்தே நிக்குது." பிழை அவர்களிடம் இல்லை. "இதைச் செய்தது யார்?" என்று கேட்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு ஊரில் உண்மையாகவே பதில் இல்லை. "இதுக்குக் கடைசியாய் பெயின்ற் அடிச்சது ஆர்?" என்று கேட்டிருந்தால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகூடக் கை நீட்டி வீட்டைக் காட்டியிருக்கும்.

அந்த ஒரு கேள்வியைக் கற்றுக்கொள்ள எனக்குப் பன்னிரண்டு வருசம் பிடித்தது.

பட்டினத்து ஸ்ரூடியோ ஒன்றில் உதவியாளனாகச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்தது அடையாள அட்டைப் படம் மட்டும்தான். காது இரண்டும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. சண்டைக் காலம். ஒரு படச்சுருளில் முப்பத்தாறு படம். பெரும்பகுதி அடையாள அட்டைக்குப் போகும், மிச்சம் செத்த வீட்டுக்கு. சுருளின் வாலில் ஒன்றிரண்டு மிஞ்சினால் முதலாளி என்னிடம் விட்டுவிடுவார். அதை எங்கே கொண்டுபோய் எடுப்பது? தெருவில் ஆட்களை எடுத்தால் சென்றியில் கேள்வி வரும். பாலத்தை எடுத்தால் கமராவே போய்விடும். சுருவத்தை எடுத்தால் ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இப்படித்தான் நான் சுருவம் எடுக்கத் தொடங்கினேன். பின்னாளில் ஒரு கூட்டத்தில் என்னை அறிமுகப்படுத்தியவர், சிறுவயது முதலே மக்கள் கலையில் ஈடுபாடு கொண்டவர் என்றார். நான் மறுக்கவில்லை.

'பொதுக்கலை' என்ற சொல்லை முதன்முதல் கேட்டது சண்டை முடிந்த பிறகு, கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் வாயில். பூங்காச் சிலை, பெருஞ்சுவர் ஓவியம், நாற்சந்திச் சிற்பம் இவை எங்கே இருக்கின்றன என்று கேட்டார். எங்களிடம் ஒழுங்கான பூங்காவே இல்லை. ஆனால் தலைமன்னாரிலிருந்து வங்காலை வரை ஒருநாள் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒவ்வொரு சந்தியிலும் ஒரு சுருவக்கூடு. வாடிகளுக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி மாதா. வள்ளத்தின் அணியத்தில் எழுதிய கண்ணும் பேரும். பேசாலையில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா. தோட்டவெளியில் 1544ஆம் ஆண்டின் வேதசாட்சிகள் நினைவு. இரவானால் கூத்து மேடை. அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வழிபாடு, கலை என்று சொல்ல முடியுமா?" என்றார். நல்ல மனிதர்தான். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. இன்று கேட்டால், தீவில் உயரமாய் நிற்பது எது என்று திருப்பிக் கேட்பேன். தென்கரையில் 2020இல் சுழலத் தொடங்கிய முப்பது காற்றாடிகள். அவற்றை எந்த வீட்டு முற்றத்திலிருந்தும் பார்க்கலாம், ஆனால் அவற்றுக்கு நேத்தி வைத்துப் பெயின்ற் அடிக்க எவரும் ஏணி கொண்டுபோவதில்லை.

அறியப்படாத ஓவியரின் வீட்டுக்கு அந்த வாரமே போனேன். பெயின்றர் அண்ணை வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்களுக்குள் அது வழக்கமில்லை. "அந்தக் கூட்டை ஒருக்கா என்னோட வந்து பாப்பீங்களோ?" என்றேன். ஈயத்தை டப்பாவில் போட்டு மூடிவிட்டு எழும்பினார்.

கூட்டின் தென்பக்க மூலையில் பெயின்ற் பொருக்கு விட்டிருந்தது. சவரப் பிளேட்டை எடுத்து அந்தப் பொருக்கின் விளிம்பை மெல்லச் சீவினேன். நகத்தளவு இடம்தான். வெங்காயம் போல அடுக்கடுக்காக வந்தது. மேலே கடும் நீலம், அதற்குக் கீழே வெளிர்ப் பச்சை, பிறகு ரோஸ், பிறகு சாம்பல் பாய்ந்த ஒரு நீலம், பிறகு காவி, பிறகு வெள்ளை, கடைசியில் சுண்ணாம்பு. ஏழு. உள்ளே எங்கோ 'அசல்' இருக்கிறது, இவர்கள் இனாமல் அடித்து அதை மூடிவிட்டார்கள் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். ஒரு கட்டுரையில் அப்படி எழுதியும் இருக்கிறேன், 'பண்பாட்டுச் சீரழிவு' என்ற சொல்லோடு.

அண்ணை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். "பச்சை வள்ளத்தில மிஞ்சினது. சம்மாட்டியார் அந்த வருசம் வள்ளத்துக்குப் பச்சை அடிச்சவர், அரை டின் மிச்சம். ரோஸ் ஒரு நேத்தி. பிள்ளை பிறந்தாப் பெயின்ற் வாங்கித் தாறன் எண்டு ஒரு ஆள் சொன்னது, பெட்டைப் பிள்ளை பிறந்திது, ரோஸ் வாங்கித் தந்தார்." சாம்பல் நீலத்தில் நகத்தை வைத்து உரசினார். "இது சண்டைக்க அடிச்சது. ரின்னர் இல்லை. மண்ணெண்ணெய் கலந்தன், மண்ணெண்ணெயும் கடன். அதான் காயேக்க மங்கிப் போட்டுது." காவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைக்கு வந்ததும், "அது அப்பு அடிச்சது," என்றார். சுண்ணாம்பு யார் பூசியதென்று அவருக்கும் தெரியாது.

நகத்தளவு பொருக்கில் அரை நூற்றாண்டுச் சங்கதி. அதை நான் சீரழிவு என்று எழுதியிருந்தேன்.

எங்கள் காற்று எதையும் சும்மா விடாது. சோளகம் எழும்பினால் மணலும் உப்பும் சேர்ந்து சுவரைத் தேய்க்கும், வாடைக்கு மழை ஊறும். நல்ல இனாமல் இரண்டு மாரி தாங்கினால் பெரிய காரியம். அடிக்காமல் விட்டால் காலப்போக்கில் கூடே உதிர்ந்துவிடும். ஆக, திரும்பத் திரும்பப் பெயின்ற் அடிப்பதுதான் அது இன்னும் நிற்பதற்குக் காரணம். வள்ளங்கள் பைபர் ஆன பிறகு ஒரு மாற்றம் வந்தது, அதையும் அண்ணைதான் கவனித்துச் சொன்னார். மரவள்ளத்துக்கு வருசாவருசம் பெயின்ற் வேண்டும், அதில் மிஞ்சுவது அந்தோனியாருக்கு வரும். பைபருக்கு நிறம் அச்சிலேயே வந்துவிடுகிறது. மிச்ச டின் இல்லை. இப்போது காசு சேர்த்துக் கடையில் வாங்க வேண்டியிருக்கிறது. பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் சுருவக்கூடுகளின் நிறம் கரையின் வள்ளங்களைவிட்டு விலகத் தொடங்கிய காலம் தெளிவாகத் தெரியும். இதை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் நான் வாசித்ததில்லை.

அன்று இரவு என் பதிவுக் கொப்பியில் 'ஆக்கியவர்' என்ற தலைப்பை வெட்டிவிட்டு, 'கடைசியாய்க் கை வைத்தவர்' என்று எழுதினேன். பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, 'ஏன் இப்படி' என்று ஒரு இடம் விட்டேன்.

கூத்துக்கு இந்தக் கொப்பியைக் கொண்டுபோனபோது வேறு சிக்கல். மன்னார்க் கூத்தில் வடபாங்கு, தென்பாங்கு என்று இரண்டு பாங்கு. கதை பெரும்பாலும் புனிதர்களுடையது, அரசர்களுடையது. நாடகம் என்றால் இரவுகள் நீளும், வாசாப்பு என்றால் ஒரு இரவில் சுருக்கி முடிப்பார்கள். பாட்டும் வசனமும் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் கொப்பியில் இருக்கும். அந்தக் கொப்பிகளைத் தேடி எடுத்து அச்சில் ஏற்றியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1964இல் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்', 1966இல் 'மூவிராசாக்கள் நாடகம்', 1967இல் 'ஞானசவுந்தரி நாடகம்'. எம்பரதோர் என்பது போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல், பேரரசன் என்று பொருள். மீன் விற்கப் போகிறவர் வாயிலும் அந்தச் சொல் இன்றைக்கும் புழங்குகிறது, வீட்டில் அதிகாரம் பண்ணுகிறவனைக் கிண்டல் செய்ய. வித்தியானந்தன் அச்சிடாமல் விட்டிருந்தால் அடுத்து வந்த முப்பது வருசத்தில் எத்தனை கொப்பி எரிந்திருக்கும், எத்தனை கடலோடு போயிருக்கும் என்று நினைக்கவே பயமாயிருக்கிறது.

அப்படிக் கடலோடு போய்த் திரும்பி வந்த ஒரு கொப்பியை நான் கையில் வைத்திருந்திருக்கிறேன். 1990இல் வள்ளத்தில் இராமேஸ்வரம் போன குடும்பம். வீட்டிலிருந்த கொப்பியை எடுக்க நேரமிருக்கவில்லை. மண்டபம் முகாமில் அப்பு பாடப் பாட மகள் எழுதியிருக்கிறாள். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். அட்டையில் பெயர், வகுப்பு, பாடம் என்று அச்சடித்திருக்கும் அல்லவா, பாடம் என்ற இடத்தில் 'ஞானசவுந்தரி' என்று மணிமணியாக எழுதியிருந்தது. உள்ளே சில இடங்களில் வரிக்குப் பதில் புள்ளிகள். புள்ளிகளுக்குப் பக்கத்தில் 'அப்புவுக்கு வரேல்லை' என்று குறிப்பு. சில புள்ளிகளுக்கு மேல் பிறகு வேறு பேனையால் வரி நிரப்பப்பட்டிருந்தது. யார் நிரப்பியது என்று கேட்டேன். முகாமில் அடுத்த வரிசையில் வேறு ஊர்க்காரர் ஒருவர் இருந்தாராம், அவர் கூத்தில் மந்திரி வேசக்காரர். அந்த இடங்களில் பாட்டு அவர் ஊர்ப் பாங்கில் இருக்கிறது.

அந்தக் கொப்பியைப் படம் பிடித்துக்கொண்டு வந்து 1967 பதிப்போடு ஒப்பிட்டேன். வரிகள் மாறியிருந்தன, ஒரு பாத்திரமே இல்லை, ஒரு கல்யாணக் காட்சி இரண்டு மடங்கு நீளம். மாறிய இடங்களையெல்லாம் சிவப்புப் பென்சிலால் குறித்து, திருத்தப்பட வேண்டியவை என்று தலைப்புப் போட்டு அண்ணாவியாரிடம் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கோபப்படவில்லை. "புத்தகம் எங்கட கூத்தைப் பாத்து எழுதினதோ, நாங்கள் புத்தகத்தைப் பாத்து ஆடுறதோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு பென்சிலை வாங்கி, நான் குறித்த ஒரு இடத்தில், "இது மட்டும் பிழைதான். பிள்ளை காதில விழுந்தமாதிரி எழுதிப் போட்டாள்," என்று தானே திருத்தினார்.

கூத்தைப் பரப்புகிற வேலையில் நான் சேர்ந்து செய்த பாவங்களும் உண்டு. விருந்தினர் வரவேற்புக்கு இருபது நிமிடக் கூத்து வேண்டும் என்பார்கள். விருந்தினர் பிந்துவார். பளபளப்பு உடுப்போடும் முடியோடும் பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள், முகச்சாயம் வழியும். அதையும் படம் எடுத்து, 'மரபுக் கலைக்குப் புத்துயிர்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறேன். வித்தியானந்தனும் அரங்குக்காகக் கூத்தைச் சுருக்கியவர்தான். ஆனால் அவர் சுருக்கியது ஆட்டமும் பாட்டும் தெரிந்த அண்ணாவிமாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் அவருடைய கூட்டாளிகளும் சீலாமுனையில் செய்த கூத்து மீளுருவாக்கத்தைப் பற்றி வாசித்தபோதுதான் வேறொரு வழியும் இருப்பது புரிந்தது. கூத்தை ஊரிலேயே, ஊராரோடு இருந்து, பேசி, தேவையானதை அவர்களே மாற்றி ஆடுவது. அங்கே பார்வையாளர் வேறு, ஆட்டக்காரர் வேறு இல்லை. நான் அதைப் பின்பற்றினேன் என்று சொல்ல மாட்டேன், அதற்குப் பொறுமை வேண்டும். வரவேற்புக் கூத்துக்குப் படம் எடுக்கப் போவதை மட்டும் விட்டுவிட்டேன். வருமானம் குறைந்தது.

பேஸ்புக் விவகாரம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நிமிடக் கூத்தாட்டம் ஒன்றை, ஆடிய ஊரின் பெயரோடு, ஏற்றினேன். இரண்டு நாளில் வெளிநாட்டிலிருந்தெல்லாம் பாராட்டு. மூன்றாம் நாள் இன்னொரு கரையிலிருந்து நாலு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். அந்தக் கொப்பி எங்கட பாட்டன் வெத்திலை வைத்து வாங்கினது, இவங்களுக்கு அதை ஆட உரிமை இல்லை, நீ எப்படி அவங்கட பேர் போட்டாய் என்றார்கள். ஊருக்கெல்லாம் பொதுவானது என்று நான் நம்பியிருந்த கூத்துக்குக் கொடுக்கல் வாங்கல் கணக்கும் இருக்கிறது. காணொளியை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எதையும் ஏற்றுமுன் கொப்பி எந்த வழியாக வந்தது என்று கேட்கிறேன். அரைவாசி இடத்தில் பதில் வருமுன் தேத்தண்ணி வரும், தேத்தண்ணி வந்தால் அன்றைக்குப் பதில் இல்லை என்று விளங்கிக்கொள்வேன்.

பாஸ்காவில் கமராவைத் தூக்குவது இன்னும் கடினம். தவக்காலத்தில் எங்கள் ஊர்களில் வியாகுலப் பிரசங்கம் பாடுவார்கள். 1705இல் கோவாவிலிருந்து வந்து தமிழ் படித்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் எழுதியது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் எழுதப்பட்டதை இன்றும் எங்கள் மனுசிகள் புத்தகம் பாராமல் இழுத்துப் பாடுவார்கள். பேசாலையில் முன்பு நடிகர்களுக்குப் பதில் சுருவங்களையே அசைத்துப் பாடுகளின் காட்சிகளைக் காட்டினார்கள். உடக்குப் பாஸ் என்று அதற்குப் பெயர். பெரிய வெள்ளியன்று இயேசுவின் சுருவத்தை ஏந்திய ஆசந்தி நகரும்போது ஒருமுறை பிளாஷ் போட்டுவிட்டேன். ஒருவரும் ஏசவில்லை. முன்னால் முழந்தாளில் நின்ற ஒரு அம்மா திரும்பி என்னைப் பார்த்தா, அவ்வளவுதான். அன்றிலிருந்து பெரிய வெள்ளிக்கு நான் கமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன். காதால் கேட்டதை அடுத்தநாள் எழுதிக்கொள்வேன். என் பதிவுகளில் படமே இல்லாத பக்கங்கள் அவை, எனக்கு அவற்றில் ஒரு குறையும் தெரியவில்லை.

மன்னாரில் ஒரு பொருளின் இடத்தைக் குறிப்பதும் லேசான காரியமில்லை. பதிவுப் படிவங்களில் 'அமைவிடம்' என்று ஒரு கட்டம் இருக்கும். மடு மாதாவுக்கு அதில் என்ன எழுதுவது? ஒல்லாந்தர் காலத்தில், 1670இல், மாந்தையிலிருந்து சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள், அப்படிப் போய்ச் சேர்ந்த இடம்தான் மருதமடு. 2008 ஏப்ரலில் ஷெல் விழ விழத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள், அந்த ஆவணித் திருவிழாவுக்கு முன் திரும்ப வந்தது. 2015 தை 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து நின்றதும் அந்தச் சுருவத்தின் முன்தான். அமைவிடம் என்ற கட்டத்தில் நான் 'தற்போது' என்று தொடங்கி எழுதுகிறேன்.

திருக்கேதீஸ்வரத்தில் கருங்கல் திருப்பணி நடந்த காலத்தில் பலமுறை போனேன். இந்திய அரசின் உதவி, மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியின் வழிகாட்டல். 2022இல் குடமுழுக்கு நடந்தது. அங்கே என் கேள்வி வேலை செய்யவில்லை. கல்லில் உளி வைத்திருந்த பையனிடம், இந்த யாளிக்குக் கை வைத்தது யார் என்றேன். அவன் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று ஸ்தபதியின் பெயரைச் சொன்னான். யாளியின் வாயில் கிடந்த கல்லுருண்டையை அவன்தான் அன்று காலை முழுக்கக் குடைந்துகொண்டிருந்தான். அவனுடைய முறை அப்படி. நான் இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டேன், அவனுடையதைப் பென்சிலால்.

எருக்கலம்பிட்டிப் பக்கத்தில் என் கொப்பியில் ஒரு நீண்ட இடைவெளி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தீவின் முஸ்லிம் ஊர்கள் வெறிச்சுப் போயின. களிகம்பு ஆட்டம், கலியாண வீட்டுப் பாட்டு எல்லாம் அவர்களோடு புத்தளம் போயின. புத்தளத்தில் நாகவில்லுவில் குடியிருந்த இடத்துக்கும் அவர்கள் எருக்கலம்பிட்டி என்றே பெயர் வைத்தார்கள். நான் அங்கே போய் ஒரு மூத்தவரிடம், களிகம்பு கடைசியாய் எப்போது அடித்தீர்கள் என்றேன். "எந்த எருக்கலம்பிட்டியில கேக்கிறீங்க மகன்?" என்று திருப்பிக் கேட்டார். இரண்டுக்கும் வெவ்வேறு பக்கம் போட்டேன். தீவிலுள்ள ஊருக்கான பக்கத்தில் 1990க்குப் பிறகு வரும் வரிகளை வெற்றாகவே விட்டிருக்கிறேன். யாரோ ஒரு கணினிப் பையன் அந்த வெற்று வரிகளை நீக்கி ஒழுங்கு பண்ணித் தந்தான். திரும்பப் போடச் சொன்னேன்.

சேர்த்ததையெல்லாம் என்ன செய்வது? பதிவு என்றால் எங்கேயோ போய்ச் சேர வேண்டும். ஈழத்து நூல்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் 2005இலிருந்து நூலக நிறுவனம் இணையத்தில் இடம் வைத்திருக்கிறது, யாழ்ப்பாணத்தில் தா. சனாதனன் போன்றவர்கள் கலை ஆவணங்களைச் சேர்க்கிறார்கள். அது ஒரு பக்கம். என் மனத்தை அரித்தது மறுபக்கம். கொழும்பில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பெரிய சட்டத்தில் என் படங்கள், குளிரூட்டிய மண்டபம், திராட்சைச் சாறு. படத்தில் இருந்த ஒருவரும் அங்கே இல்லை.

அடுத்த மாதம் சின்ன அளவில் இருநூறு படம் கழுவினேன், சொந்தக் காசில். எங்கள் கோயில் மண்டபத்தில் குறுக்கும் நெடுக்கும் நைலோன் கயிறு கட்டி, உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பால் மாட்டினேன். ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு பேனை தொங்கவிட்டேன். தெரிந்ததைப் படத்தின் பின்னால் எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன். பூசைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள், பிறகு பூசைக்கு வராதவர்களும் வந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து எழுதுவித்தார்கள். ஒரு ஆச்சி பழைய கூத்துப் படம் ஒன்றின் முன் நெடுநேரம் நின்றா. அதில் ராசா வேசத்தில் இருந்தவர் அவவின் மனுசன், செத்துப் பல வருசம். அழப்போறா என்று பயந்து கதிரை கொண்டுபோனேன். "அந்த முடி இரவல்," என்றா. "எங்கட முடியில கண்ணாடி கூட. இது வங்காலையில கேட்டு வாங்கினது. இவருக்குத் தலை சின்னன், உள்ளுக்குத் துவாய் சுத்தி வைச்சது." பேத்தி எழுதினாள்: முடி வங்காலை, உள்ளே துவாய்.

இருநூறில் நூற்று முப்பத்தாறு படங்களுக்குப் பின்னால் எழுத்து வந்தது. பதினொரு படம் காணாமல் போயிற்று. அவரவர் வீட்டுச் சுவரில் பிறகு பார்த்தேன்.

2019 முடிவில் நாடெங்கும் இளைஞர்கள் தூரிகையோடு மதில்களில் இறங்கினார்கள். ஒரு மாதத்துக்கு எங்கே பார்த்தாலும் சுவரில் யானை, வயல், அரசன், வீரன். உற்சாகத்தைக் குறை சொல்ல மாட்டேன், தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் பெரும்பாலானவை போனில் பார்த்து எழுதியவை. மழை இரண்டு வந்தது, எமல்சன் வெடித்தது. திரும்பக் கை வைக்க அந்தச் சுவருக்கென்று ஒருவர் இருக்கவில்லை. 2020இல் சென்னைக் கண்ணகி நகரில், குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியேற்றிய அடுக்குமாடிகளில் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு பெரும் சுவரோவியங்களைச் செய்தபோது படங்களைப் பார்த்தேன். அழகாக இருந்தன, வரைந்தவர் யாரென்பதும் பதிவாகியிருந்தது. எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. பதினைந்து வருசம் கழித்து அந்தச் சுவரில் ஒரு முகத்தின் கன்னம் உதிரும்போது ஏணி வைக்கப் போவது யார்? பெயின்றர் அண்ணையிடம் படத்தைக் காட்டினேன். "இவ்வளவு உயரத்துக்கு அண்டு சாரம் கட்டினவன் நிப்பானோ?" என்றார்.

போன வருசம் அந்தோனியார் பெருநாளுக்கு முன் அவருக்கு முழங்கால் வருத்தம். ஏணியில் ஏற முடியாது. பேரன் ஏறினான். ஆனி மாதத்தில் சோளகம் சும்மா இருக்காது, ஈரப் பெயின்றில் மணல் ஒட்டினால் உப்புத்தாள் போலாகிவிடும். ஆகவே காற்று எழும்பமுன், விடியப்புறம் நாலு மணிக்கே தொடங்கினார்கள். அண்ணை கீழே கதிரையில் இருந்து ரோச் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "விளிம்பை முதல் எடு. அங்கால இழுக்காத, இஞ்சால இழு. தூரிகையை நனைச்சா டின் வாயில ஒருக்கா வழி."

நான் பழைய படங்கள் ஆறு கொண்டுபோயிருந்தேன், எந்த நீலம் என்று தெரிவு செய்ய. ஒவ்வொன்றையும் ரோச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, காற்றுக்குப் பறக்காமல் தொடைக்குக் கீழ் வைத்துக்கொண்டார். பேரன் அடித்த நிறம் அந்த ஆறிலும் இல்லை. கடலில் ஆழம் தொடங்குகிற இடத்தில் தெரியுமே ஒரு பச்சை கலந்த நீலம், அது. வெளிச்சம் வந்ததும் பார்த்தேன், நட்சத்திரங்களுக்கு நடுவில் அது நன்றாகவே இருந்தது. கொப்பியை எடுத்தேன். கடைசியாய்க் கை வைத்தவர் என்ற இடத்தில் பேரனின் பெயரை எழுதினேன், அண்ணை எட்டிப் பார்த்து எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினார். அடுத்தது 'ஏன் இப்படி'. வாடைக் கடல், ஆழக்கடல் தொழிலுக்குப் போய்த் திரும்பாதவர்கள், அந்தோனியார் கடலில் காணாமல் போனதைத் தேடித் தருபவர் என்று எனக்குள் ஒரு பந்தி ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த நிறம் ஏன் அண்ணை எடுத்தனீங்கள்?"

"எழுது," என்றார். "கடையில அது ஒண்டுதான் இருந்தது."